கண்ணாடியிலும் துணியிலும் ஓட்டிலும் தண்ணீரின் போக்கை மாற்றும் மெல்லிய பாலிமர் பூச்சு: முழுமையான வழிகாட்டி

சேம்பிலையில் விழும் மழைத்துளி முத்தாய் உருண்டு ஓடிவிடும். நன்றாகத் துலக்கிய கண்ணாடியில் அதே துளி விழுந்தால் படர்ந்து கிடக்கும். தண்ணீருக்கு இலையின் உள்ளே என்ன இருக்கிறது, கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பதெல்லாம் தெரியாது. அது தொட்டுப் பார்ப்பது மேலே இருக்கும் சில நானோமீட்டரை மட்டும்தான். தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத தடிமன் அது.

பரப்பின் மேல் மெல்லிய பூச்சு போட்டுத் தண்ணீரின் போக்கை மாற்றும் வேலையில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் இதை மறப்பதுதான். பூச்சைக் கனமாகப் போட்டால் பலன் கூடும் என்று நினைத்து இரண்டு கை, மூன்று கை என்று பூசுகிறார்கள். கனத்த பூச்சு வெடிக்கும், உரியும், தூசியைப் பிடிக்கும். சுத்தமான பரப்பில் மெல்லியதாய்ப் போட்டு முழுதாக இறுகவிட்ட பூச்சுதான் வேலை செய்யும். ரசாயனத்தின் பெயரைவிடத் துலக்குவதிலும் உலர்த்துவதிலும்தான் முடிவு இருக்கிறது.

முதலில் கோணம்

துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் இடத்தில், தண்ணீரின் பக்கமாக அளக்கும் கோணத்துக்குத் தொடுகோணம் என்று பெயர். தாமஸ் யங் 1805-ல் இதை விளக்கினார். 90 டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீர் பரப்பை விரும்புகிறது, மேலே போனால் விலகுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சுத்தமான கண்ணாடியில் 10 டிகிரிக்குப் பக்கம், அக்ரிலிக்கில் 70, தெர்மாகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீனில் 90, சிலிக்கோனில் 105 முதல் 110 வரை இருக்கும். டெஃப்லானில் அதைவிடக் கொஞ்சம் கூடும்.

சமதளமான பரப்பில் எந்த ரசாயனத்தைப் பூசினாலும் ஏறக்குறைய 120-ஐத் தாண்ட முடியாது. தாமரை இலை 160-ஐத் தொடுவதற்குக் காரணம் மெழுகு மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மேடுகளும், அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய மெழுகுக் குழல்களும் அந்த இலையில் உண்டு. துளி அந்த மேடுகளின் உச்சியில் உட்கார்ந்திருக்க, அடியில் காற்று நிற்கிறது. சொரசொரப்பின் கணக்கை வென்சல் 1936-லும், அடியில் நிற்கும் காற்றின் கணக்கைக் கேஸியும் பாக்ஸ்டரும் 1944-லும் எழுதினார்கள். தாமரை இலை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வதை பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும் 1997-ல் விரிவாகக் காட்டினார்கள். குளத்துத் தாமரை இலை ஒன்றைப் பறித்து அதன் மேல் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி உருளாமல் படரும். இலை மாறவில்லை, தண்ணீரின் பரப்பு இழுவிசைதான் குறைந்துவிட்டது. பூச்சு போட்ட பொருளைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, சரியாக அலசாமல் "பூச்சு போய்விட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. முதலில் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிப் பாருங்கள்.

உங்களுக்கு வேண்டியது எது என்று முடிவு செய்யுங்கள். துளி உருண்டு ஓட வேண்டுமா, பனி படியாமல் தண்ணீர் ஒரே படலமாய்ப் பரவ வேண்டுமா, அல்லது துணிக்குள்ளும் ஓட்டுக்குள்ளும் ஈரம் இறங்காமல் இருந்தால் போதுமா? மூன்றுக்கும் வழி வேறு.

துலக்குவது

பழகுவதற்கு 25 × 75 மி.மீ. நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகள் போதும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, புதுப் பஞ்சால் இருபுறமும் தேய்த்துக் குழாயில் அலசுங்கள். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தலையில் எண்ணெய் தேய்த்த கையால் விளிம்பைத் தொட்டாலும் அந்த எண்ணெய் மெல்ல நகர்ந்து நடுப்பகுதிக்கு வந்துவிடும்.

கடைசி அலசலை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் செய்யாதீர்கள். நம் திருநெல்வேலி மாவட்டத்தில் ராதாபுரம், வள்ளியூர் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும். அந்தத் திட்டின் மேல் போட்ட பூச்சு திட்டோடு சேர்ந்தே உரியும். தாமிரபரணித் தண்ணீர் பரவாயில்லை என்றாலும், கடைசிக் கழுவலுக்குப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. அதன்பின் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு முக்கு முக்கி எடுத்துச் செங்குத்தாக நிறுத்திக் காயவிடுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்றால் ஊதி உலர்த்த வேண்டாம். அந்தக் காற்றில் எண்ணெய் கலந்திருக்கும்.

சோதனை எளிது. தகட்டை டிஸ்டில்டு வாட்டரில் முக்கிச் செங்குத்தாகத் தூக்குங்கள். தண்ணீர்ப் படலம் அரை நிமிடம் உடையாமல் நின்றால் சுத்தம். எந்த இடத்தில் படலம் விலகிப் பொத்தல் விழுகிறதோ, அங்கே எண்ணெய் இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டியதுதான், குறுக்குவழி கிடையாது.

உருண்டு ஓட: சிலிக்கோன் கரைசல்

ஹார்டுவேர் கடையில் கண்ணாடி ஒட்டக் கிடைக்கும் தெளிந்த சிலிக்கோன் சீலண்ட் போதும். வகையைப் பார்த்து வாங்குங்கள். இறுகும்போது காடி வாசம் அடிக்கும் வகை அசிட்டிக் அமிலத்தை வெளியேற்றும். கண்ணாடிக்கும் துணிக்கும் அது நல்லது. செம்பு, பித்தளையை அரிக்கும், சுண்ணாம்புப் பூச்சைத் தின்னும். அவற்றுக்கு அந்த அமிலத்தை விடாத நியூட்ரல் வகையை வாங்க வேண்டும்.

5 கிராம் சீலண்டுக்கு 95 கிராம் மினரல் டர்பன்டைன். மூடி இறுகப் பொருந்தும் கண்ணாடிப் புட்டியில் முதலில் 20 கிராம் டர்பன்டைனை மட்டும் ஊற்றிக் குலுக்கி, கட்டியில்லாமல் கூழான பிறகு மீதியை ஊற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்றினால் சீலண்ட் அடியில் பாறையாகக் கிடக்கும். லேசான கலங்கல் இருக்கும். சீலண்டில் கலந்திருக்கும் சிலிக்காத் தூள்தான் அது, பயப்பட வேண்டாம். துணியில் வடிகட்டி அன்றைக்கே பயன்படுத்துங்கள். காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இந்த வகை இறுகுகிறது, ஐப்பசி ஈரத்தில் புட்டியைத் திறந்து வைத்தால் மறுநாள் கரைசல் கூழாகிவிடும்.

மினரல் டர்பன்டைன் ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸில் தீப்பற்றும் ஆவியைக் கொடுக்கத் தொடங்கும். திருநெல்வேலியின் சித்திரை மத்தியானம் அந்த அளவைத் தானே தொட்டுவிடும். ஆகவே வேலையைக் காலையில், திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீந்ததை வாய்க்காலில் கொட்டாதீர்கள். அகலத் தட்டில் பரப்பி இறுகவிட்டால் ரப்பர் பாயாக உரிந்து வரும்.

படலத்தின் தடிமனைத் தீர்மானிப்பது தகட்டைக் கரைசலிலிருந்து எடுக்கும் வேகம். லாண்டாவும் லெவிச்சும் 1942-ல் தந்த கணக்கின்படி, வேகம் இரட்டித்தால் தடிமன் 1.6 மடங்காகும். நொடிக்கு 1 மி.மீ. வேகத்தில் எடுத்தால் மேற்சொன்ன கரைசல் சுமார் 3 மைக்ரோமீட்டர் ஈரப் படலத்தை விடும். டர்பன்டைன் போனபின் மிஞ்சுவது 0.15 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். அதுவே ஏராளம்.

கையால் இழுத்தால் நடுக்கம் வரி வரியாகப் பதியும். மோட்டார் இல்லாமலும் சீராக எடுக்க வழி இருக்கிறது. 25 செ.மீ. குறுக்களவுள்ள பெயிண்ட் வாளியில் தண்ணீர் நிரப்பி, அதன் மேல் தெர்மாகோல் பலகையை மிதக்கவிட்டு, பலகையின் நடுவில் கரைசல் கிளாஸை வையுங்கள். கரைசல் சிந்தினால் தெர்மாகோலைத் தின்றுவிடும், அடியில் எவர்சில்வர் தட்டு இருக்கட்டும். தகட்டை மேலே கம்பியில் அசையாமல் கட்டி, கிளாஸுக்குள் முங்கியிருக்கச் செய்யுங்கள். வாளியின் அடியிலிருந்து ஒரு குழாய் போட்டு, அதன் வாயை ஒரு மீட்டர் கீழே கொண்டுபோய்த் திறந்துவிட்டால் தண்ணீர் மட்டம் இறங்கும், கிளாஸும் இறங்கும், தகடு கரைசலை விட்டு வெளியே வரும். நிமிடத்துக்கு 3 லிட்டர் வடிந்தால் வேகம் நொடிக்கு 1 மி.மீ. குழாய் வாய் ஒரு மீட்டர் கீழே இருப்பதால் வாளியில் 10 செ.மீ. இறங்கினாலும் வேகம் 5 சதவீதத்துக்கு மேல் மாறாது. குழாய் வாய் வாளியின் மட்டத்திலேயே இருந்தால் இந்தச் சீர் கிடைக்காது.

எடுத்த தகட்டைத் தூசி படாமல் ஒரு டப்பாவில் செங்குத்தாக நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் காய்ந்த காற்றில் இறுகுதல் மெதுவாக நடக்கும். டப்பாவுக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். விரலால் தொட்டால் பிசுக்கு இருக்கக் கூடாது. பிசுக்கான சிலிக்கோன் தூசியை இழுத்துப் பிடிக்கும், பிறகு துளி நிற்பது தூசியின் மேல்தான்.

கல்லூரி ஆய்வகங்களில் சில்கார்ட் 184 போன்ற இரண்டு பாகச் சிலிக்கோன் கிடைத்தால் இன்னும் தெளிவான படலம் வரும். மூலப் பாகம் 10 பங்குக்கு இறுக்கும் பாகம் 1 பங்கு, எடையால் கலக்க வேண்டும். இறுக 100 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம், அறை வெப்பத்தில் 48 மணி நேரம். இது பிளாட்டினத்தால் இறுகும் வகை. கந்தகம் பட்டால் இறுகவே இறுகாது. கந்தகம் கலந்த ரப்பர் கையுறையோடு கலக்கியதால் மட்டுமே வீணாகும் கரைசல்கள் உண்டு.

அளப்பது

இன்சுலின் சிரிஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். மூடி நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு மூடி யு-100, அதில் 1 யூனிட் 10 மைக்ரோலிட்டர். சிவப்பு மூடி யு-40, அதில் 1 யூனிட் 25 மைக்ரோலிட்டர். இரண்டையும் மாற்றி எடுத்தால் கணக்கு முழுதும் கெடும். யு-100-ல் அரை யூனிட், அதாவது 5 மைக்ரோலிட்டர் துளியை ஊசிமுனையில் தொங்கவிட்டு, தகட்டை மேலே உயர்த்தித் தொடவையுங்கள். மேலிருந்து விழவிட்டால் துளி அடித்துப் பரந்துவிடும்.

மொபைல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, தகட்டின் மட்டத்துக்கே இறக்கி, துளிக்குப் பின்னால் வெள்ளைத் தாளும் விளக்கும் வைத்துப் படம் எடுங்கள். துளியின் உயரத்தை அடி அகலத்தில் பாதியால் வகுத்து, கால்குலேட்டரில் அதன் ஆர்க் டேன் (tan⁻¹) கண்டு, இரண்டால் பெருக்கினால் கோணம். உயரம் 1.4 மி.மீ., அடி அகலம் 2 மி.மீ. என்றால் 109 டிகிரி. உயரம் 0.4, அகலம் 4 என்றால் 23 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய துளி தன் கனத்தால் அமுங்கிவிடும் என்பதால் இந்தக் கணக்கு சிறு துளிக்குத்தான் பொருந்தும். ஒரு நிமிடத்துக்குள் படம் எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் துளி வற்றும்போது விளிம்பு நகராமல் உயரம் மட்டும் குறைந்து, கோணம் பொய்யாகக் குறையும். ஐந்து இடங்களில் அளந்து பாருங்கள். இடத்துக்கு இடம் 10 டிகிரி வித்தியாசம் வந்தால் துலக்கியதில் குறை.

கோணத்தோடு நிறுத்தாதீர்கள். துளி ஓடுகிறதா என்பதுதான் நடைமுறைக் கேள்வி. 20 மைக்ரோலிட்டர் துளி வைத்துத் தகட்டை மெல்லச் சாயுங்கள், மொபைலின் லெவல் செயலியில் சாய்வைப் படியுங்கள். தாமரை இலையில் 10 டிகிரிக்குள் உருண்டுவிடும். ரோஜா இதழில் சிறு துளி முத்தாகவே நிற்கும், தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. கோணம் உயர்ந்தும் ஓடாத பரப்புக்கு அதுதான் எடுத்துக்காட்டு.

பனி படியாமல் இருக்க

பனி என்பது ஆயிரம் நுண்துளிகள். அவற்றைத் தடுக்க முடியாது, ஒரே படலமாகப் பரவச் செய்யலாம். இதற்குப் பாலிவினைல் ஆல்கஹால் வேண்டும். மரவேலைப் பசைகளைப் பி.வி.ஏ. என்பார்கள். அது பாலிவினைல் அசிடேட், வேறு பொருள். லேப் கெமிக்கல் கடையில் முழுதும் ஹைட்ரலைஸ் ஆன, அதாவது ஹைட்ரலைஸ் ஆன அளவு 98 சதவீதத்துக்கு மேற்பட்ட தூளைக் கேளுங்கள்.

5 கிராம் தூளை 95 மி.லி. குளிர்ந்த டிஸ்டில்டு வாட்டரில் கலக்கிக்கொண்டே தூவி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் நேரே கொட்டினால் வெளியே வெந்து உள்ளே மாவாய் இருக்கும் கொழுக்கட்டைகளாகத் திரளும். பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 85 முதல் 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கினால் தெளிந்த கரைசல் கிடைக்கும். ஆறியதும் அரை கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து, தகட்டை முக்கி எடுத்துக் காயவைத்து, 130 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வையுங்கள். இந்தச் சூட்டில்தான் சிட்ரிக் அமிலம் பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கோத்துப் பூச்சைத் தண்ணீரில் கரையாமல் செய்கிறது. சூடு குறைந்தால் முதல் கழுவலிலேயே வழுவழுப்பாய்ப் போய்விடும், கூடினால் மஞ்சளாகும். காபி ஆவியில் காட்டிப் பாருங்கள். இந்தப் பூச்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்வதால் விடாத ஆவியில் ஒரு கட்டத்தில் நிறைந்துவிடும், காய்ந்தால் மீண்டும் வேலை செய்யும்.

துணி

அதே சிலிக்கோன் கரைசலை 3 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். வீரவநல்லூர்க் கைத்தறித் துணி போலப் புதிதாய் வாங்கியதில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் துவைத்துக் கஞ்சியை எடுக்காவிட்டால் பூச்சு நூலில் பிடிக்காமல் கஞ்சியில் பிடிக்கும். கம்ஃபர்ட் போன்ற துணி மென்மையாக்கியும் ஆகாது. முக்கி, பிழிந்து, நிழலில் விரித்துக் காயவிடுங்கள். பிழிவது முக்கியம். நூலுக்கு மேல்தான் படலம் வேண்டும், நூலிடுக்கு அடைபட்டால் துணி விறைத்துக் காற்றோட்டம் போய்விடும்.

சுவரும் ஓடும்

இங்கே படலம் வேண்டாம். துளைகளின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்தே வைக்கும் சிலேன்–சிலாக்சேன் (சிலிக்கோன் இனத்துச் சிறு மூலக்கூறுகள்) கரைசல்தான் ஏற்றது. செங்கலின் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாய் வெளியேறும், வெளி மழை உள்ளே போகாது. படலமாக மூடும் பெயிண்ட் அடித்த பழைய சுண்ணாம்புச் சுவர் கொப்புளித்துக் கொட்டுவதற்குக் காரணம் ஆவிக்கு வழியில்லாமல் போவதே. சிமெண்டில் இருக்கும் காரம் சிலேனை வேகமாகப் பிணைக்கும், சுட்ட மண்ணில் அந்தக் காரம் இல்லை. ஆகவே ஓட்டுக்கும் செங்கலுக்கும் சிலாக்சேன் கலந்ததாகவே கேட்டு வாங்குங்கள்.

காலம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. நம் மாவட்டத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆனி ஆடிக் காற்றில் ஸ்பிரே பறந்துவிடும், பங்குனி வெயிலில் சுவர் கொதிக்கும். ஆவணி பிற்பாதியிலிருந்து புரட்டாசி வரைதான் சரியான இடைவெளி. புதுப் பூச்சுவேலைக்கு 28 நாள் கழியட்டும். சுவரின் கீழிருந்து தொடங்கி, கரைசல் 15 முதல் 20 செ.மீ. வழிந்தோடும் அளவுக்கு நனைத்து, முதல் கை காய்வதற்குள் இரண்டாவது கையும் அடித்துவிடுங்கள். காய்ந்தபின் அடித்த இரண்டாவது கையைச் சுவர் குடிக்காது, அது மேலே வெள்ளையாய்ப் பூக்கும்.

எதற்கு இது உதவாது என்பதையும் எண்ணிக்கையாகவே தெரிந்துகொள்ளுங்கள். 110 டிகிரி கோணமும் 10 மைக்ரோமீட்டர் ஆரமும் உள்ள துளை ஏறக்குறைய 50 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கும். 100 மைக்ரோமீட்டர் ஆரமென்றால் 5 செ.மீ. அரை மில்லிமீட்டர் விரிசலோ 1 செ.மீ. மட்டும். மழை மோதும் சுவருக்கு இது நல்ல பூச்சு. தண்ணீர் தேங்கும் மச்சுக்கும், விரிசல் விட்ட தளத்துக்கும், தொட்டிக்கும் இது ஆகாது. விரிசலை முதலில் அடைக்க வேண்டும்.

குடிதண்ணீர்ப் பானையில் எந்தப் பூச்சும் வேண்டாம். காருகுறிச்சிப் பானை தண்ணீரைக் குளிர்விப்பதே அதன் உடம்பு வியர்ப்பதால்தான்.

சுவரில் பலன் தெரிய, முனையைச் சாய்வாக அறுத்த 10 மி.லி. சிரிஞ்சின் உருளையை, மறுவாய் மேலே பார்க்க, களிமண் போன்ற பிசைமாவால் சுவரில் ஒட்டி, தண்ணீர் ஊற்றி 20 நிமிடம் பாருங்கள். பூசாத இடத்தில் மட்டம் கண்முன்னே இறங்கும், பூசிய இடத்தில் நகரக் கூடாது.

தாமரையளவு வேண்டுமென்றால்

மெழுகுவர்த்திச் சுடரில் கண்ணாடியைக் காட்டிக் கரி படியவிட்டால் தொடுகோணம் 150 டிகிரியைத் தாண்டும். விரல் பட்டால் போய்விடும். கொஞ்சம் நிலைக்க, நீர்விலக்கும் ஃப்யூம்டு சிலிக்கா என்ற மிக நுண்ணிய தூளை சீலண்டின் எடைக்குச் சமமாகவோ இரட்டிப்பாகவோ டர்பன்டைனில் கலந்து ஸ்பிரே செய்யலாம். சீலண்ட் மிகுந்தால் துகள்கள் அதில் மூழ்கி மேடு மறையும், குறைந்தால் மாவாய் உதிரும். தூள் மூச்சில் போகாமல் முகக்கவசம் கட்டாயம். எப்படிச் செய்தாலும் இந்தப் பரப்புக்கு உரசல் பகை. கை படும் பொருளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

எண்ணெயும் ஓட வேண்டுமென்று ஃப்ளூரின் கலந்த ஸ்பிரேக்களைத் தேடுகிறவர்கள் நிறைய. மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால், இந்த ஃப்ளூரின் இனத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். 2009-லும் பி.எஃப்.ஓ.ஏ. 2019-லும், அழியாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்தன. தண்ணீரை மட்டும் விலக்கச் சிலிக்கோன் போதும். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் ஊரில் அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சிலிக்கோன் பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காது, மீன்கண் போல் வட்ட வட்டமாய் விலகும். இந்த வேலையைக் கார் பெயிண்ட் பட்டறைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். பூசிய சுவருக்குப் பின்னால் வண்ணம் அடிக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே ஒரு சதுர அடியில் இரண்டையும் பூசி ஒரு வாரம் பாருங்கள். தேய்ந்த பூச்சைப் புதுப்பிக்கப் பழையதைச் சுரண்டத் தேவையில்லை. கழுவிக் காயவைத்து, மேலே அதே சிலிக்கோனை மெல்லியதாய் ஒரு கை. சிலிக்கோன் மேல் சிலிக்கோன் மட்டும்தான் ஒட்டும்.